இரண்டு முறை தட்டப்பட்ட பாத்திரம்

எங்கள் வீட்டுத் தையல் மெஷினின் இழுப்பறையில் ஒரு கோணி ஊசி கிடக்கும். ஒரு சாண் நீளம், நுனி லேசாக வளைந்திருக்கும். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் வேலை பார்த்த காலத்தில் அப்பா கொண்டுவந்து போட்டது. அம்மா ஜாக்கெட் தைப்பவர். வாயில் துணியிலும் பட்டிலும் பழகிய கை. அந்த ஊசியை அவர் தொட்டதே இல்லை. "அது மூட்டை தைக்கிறது. அதுல என்ன தையல் இருக்கு" என்பார்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. கோணித்துணியில் தைத்த படம். மேலே நீலத் துணியில் வானம், அதன் கீழே ஆண்டிஸ் மலைத்தொடர், மஞ்சளாக ஒரு சூரியன். கீழே தகரக் கூரை வீடுகள். நடுவில் ஒரு பெரிய பானை, அதைச் சுற்றிக் கட்டைவிரல் உயரத்துக்குத் துணிப் பொம்மைகளாகப் பெண்கள். ஒருத்தி கையில் அகப்பை. படத்தின் நான்கு ஓரங்களும் கம்பளி நூலால் பின்னப்பட்டிருந்தன. சின்னப் பிள்ளைகள் பள்ளியில் செய்த கைவேலை மாதிரி இருந்தது முதலில். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பொம்மைகளின் பாவாடைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு பழைய துணியில் வெட்டியவை என்று தெரிந்தது.

அர்ப்பியேரா என்பது இதன் பெயர். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கே கோணித்துணி என்றுதான் பொருள். சிலி நாட்டில், பினோச்சேயின் ராணுவ ஆட்சியில், சாண்டியாகோ நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்கள் தைத்தவை. அந்தப் பானைக்கு ஓயா கோமூன் என்று பெயர், பொதுப்பானை. வேலை போன வீடுகள் எல்லாம் கையில் இருந்ததைக் கொண்டுவந்து போட்டு ஒரே உலையாக வைத்தது.

அந்தப் பானையைத் தேடிப் படிக்கப் போன இடத்தில் இன்னொரு பாத்திரம் குறுக்கிட்டது. அதே ஊரில், பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், வேறு பெண்கள் கையில் இருந்த பாத்திரம். படித்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெண்கள் எதிர்த்தார்கள் என்ற நல்ல கதை ஒன்றைத் தேடிப் போனவளுக்கு, அந்த எதிர்ப்புக்குக் காரணமான ஆட்சியை அழைத்து வந்ததிலும் பெண்களின் பங்கு இருந்தது என்று தெரிந்தால் வேறு எப்படி இருக்கும்?

1971 டிசம்பர் 1. சாண்டியாகோவின் மையத் தெருக்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் காலிப் பாத்திரங்களைக் கரண்டியால் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். சோஷலிஸ்ட் அதிபர் அலெண்டே ஆட்சிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோ வேறு வாரக்கணக்காகச் சிலியில் தங்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். கடையில் இறைச்சி இல்லை, அது இல்லை, இது இல்லை என்பது ஊர்வலத்தின் முறையீடு. முன்னணியில் இருந்தவர்களில் பலர் வசதியான வீட்டுப் பெண்கள். சிலர் வேலைக்காரப் பெண்களையும் கூட்டி வந்தார்கள். இரு பக்கமும் தலைக்கவசமும் தடியுமாக வலதுசாரி இளைஞர்கள் காவல் வந்தார்கள். கைகலப்பு, கண்ணீர்ப்புகை, கடைசியில் தலைநகரில் அவசரநிலை. அடுப்பில் பூனை தூங்கும் வீடுகளிலிருந்து அந்தப் பாத்திரங்கள் வரவில்லை. ஆனாலும் உலகம் முழுக்கப் போன செய்தி இதுதான்: சிலியின் இல்லத்தரசிகள் பட்டினி, சோஷலிசத்தின் லட்சணம் பாருங்கள்.

சால்வடார் அலெண்டே ஒரு மருத்துவர். ஏற்கெனவே மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். 1970 செப்டம்பர் 4 அன்று 36 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்குகள் பெற்று முதலிடம் வந்தார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதலிரண்டு பேரில் ஒருவரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். அங்கே அவருக்கு 153 வாக்குகள், எதிரே நின்றவருக்கு 35. புரட்சி இல்லை, துப்பாக்கி இல்லை. வாக்குப்பெட்டி வழியாக வந்த மார்க்சிஸ்ட். வாஷிங்டனில் பலருக்குத் தூக்கம் போனதே அதனால்தான் என்று நினைக்கிறேன். காட்டிலிருந்து வந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது.

ஒரு விவரம் இங்கே முக்கியம். சிலியில் அப்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாக்குச்சாவடி. அதனால் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது பால்வாரியாகத் தெரியும். 1970-ல் ஆண்களில் சுமார் 41 சதவீதம் பேர் அலெண்டேவுக்குப் போட்டார்கள். பெண்களில் 30 சதவீதத்தை ஒட்டித்தான். அந்த இடைவெளி அலெண்டேவுக்கும் தெரியும், அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்கும் தெரியும். சொல்லப்போனால் சி.ஐ.ஏ.வுக்கு முன்பே தெரியும். 1964 தேர்தலில் அலெண்டேவை எதிர்த்து நின்ற எடுவார்டோ ஃப்ரேயின் பிரச்சாரச் செலவில் பாதிக்கு மேல் அமெரிக்கப் பணம். அது பற்றாதென்று ஒரு பயமுறுத்தும் பிரச்சாரமும் நடந்தது. சோவியத் டாங்கிகள், கியூபாவில் சுட்டுக் கொல்லும் படைகள் என்று சுவரொட்டியும் வானொலியுமாக. அது குறிப்பாகப் பெண்களைக் குறிவைத்தது என்று அமெரிக்க செனட் குழுவே 1975-ல் வெளியிட்ட அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. எதிரி நாட்டுப் பிரச்சாரம் இல்லை, அவர்களின் சொந்த நாடாளுமன்றம் சொன்னது.

1970 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் தன் அறையில் சி.ஐ.ஏ. இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸிடம் பேசினார். ஹெல்ம்ஸ் கைப்பட எழுதிய குறிப்பு பின்னால் வெளியே வந்தது. பத்தில் ஒரு வாய்ப்புதான் இருக்கலாம், ஆனாலும் சிலியைக் காப்பாற்று. ஒரு கோடி டாலர் இருக்கிறது, தேவைப்பட்டால் இன்னும். பொருளாதாரத்தை அலற வை.

அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனையோ கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன். வழக்கமாக அதற்குப் பின்னால் சிலி ஏற்றுமதி செய்யும் செம்பு, கடன், டாலர் என்று பேச்சு போய்விடும். ஒரு பொருளாதாரம் அலறினால் அந்த அலறல் முதலில் எங்கே கேட்கும்? மத்திய வங்கியிலா? ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நிற்பவள் வீட்டில்தானே. உலை வைக்கிற நேரத்துக்கு அரிசி இல்லையென்றால் நம் வீடுகளில் யார் அவமானப்படுவார்கள், யார் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? அங்கே அது கோதுமை மாவு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, அந்தக் குறிப்பு அடுப்படியைக் குறிவைத்த உத்தரவு. எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதினார்களோ இல்லையோ, போய் விழுந்த இடம் அது.

சாண்டியாகோவில் இருந்த அமெரிக்கத் தூதர் எட்வர்ட் கோரி அந்த மாதமே இன்னும் வெளிப்படையாகச் சொல்லி அனுப்பினார்: அலெண்டே வந்தால் ஒரு நட்டு, ஒரு போல்ட்டுகூடச் சிலிக்குப் போக விடமாட்டோம். அப்படித்தான் நடந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் சுரங்க எந்திரத்துக்கும் உதிரிபாகம் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும். கடன் வாசல்கள் அடைந்தன. அலெண்டே காலத்தில் உலக வங்கி சிலிக்குப் புதுக்கடன் ஒன்றும் தரவில்லை. விமானம் வாங்கக் கேட்ட கடனை அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி மறுத்தது. ஆனால் சிலி ராணுவத்துக்குப் போகிற உதவி மட்டும் நிற்கவில்லை. எல் மெர்குரியோ என்ற பெரிய எதிர்ப்புப் பத்திரிகைக்கு சி.ஐ.ஏ. பணம் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது.

இதற்கிடையே ராணுவம் அரசியலில் தலையிடக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற தலைமைத் தளபதி ரெனே ஷ்னைடர், அலெண்டேவை நாடாளுமன்றம் உறுதிசெய்வதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு கடத்தல் முயற்சியில் சுடப்பட்டார். 1970 அக்டோபர் 25-ஆம் தேதி இறந்தார். அவரைக் கடத்தத் திட்டம் போட்ட கூட்டங்களோடு சி.ஐ.ஏ. தொடர்பில் இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் அமெரிக்கா செய்தது என்று எழுதினால் எனக்கே நம்பிக்கை வராது. அலெண்டே அரசு சம்பளத்தை உயர்த்தியது, விலையைக் கட்டிப்போட்டது, நோட்டும் அடித்தது. முதல் வருடம் ஏழை வீடுகளில் இறைச்சி வெந்தது. எல்லோருக்கும் வாங்கக் காசு இருந்தது, வாங்கப் பொருள் குறைந்தது. வியாபாரிகள் பதுக்கினார்கள், கள்ளச்சந்தை செழித்தது, செம்பு விலை உலகச் சந்தையில் விழுந்தது. 1973-ல் விலைவாசி நூற்றுக்கணக்கான சதவீதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவளின் கோபம் டாலர் கொடுத்து வாங்கிய கோபம் இல்லை. கோபம் அவளுடையது. அதற்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்ததுதான் வெளிநாட்டுப் பணம்.

1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நாட்டை முடக்கினார்கள். நீண்டு மெலிந்த நாடு அது. தென்கோடியிலிருந்து வடகோடிக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். லாரி நின்றால் எல்லாம் நின்றது. அவர்களுக்கு சி.ஐ.ஏ. நேரடியாகப் பணம் கொடுக்க வாஷிங்டன் மேலிடம் அனுமதி தரவில்லை என்றும், உதவி பெற்ற தனியார் அமைப்பு ஒன்றின் வழியாகக் கொஞ்சம் போய்ச் சேர்ந்தது என்றும் அதே செனட் அறிக்கை சொல்கிறது. அந்த மாதங்களில் இன்னொரு வகைப் பெண்கள் வேலை செய்தார்கள். பேட்டைக்குப் பேட்டை விநியோகக் குழுக்கள்: யார் வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு எண்ணெய், எந்தக் கடைக்காரர் பின்கட்டில் மூட்டை அடுக்கியிருக்கிறார் என்று கணக்குப் பார்த்தது அந்தக் குழுக்களின் பெண்கள். இவர்கள் பாத்திரம் தட்டவில்லை. அதனால் படம் எடுக்கவும் ஆளில்லை.

பொருளாதாரம் இவ்வளவு அலறிய பின்னும், 1973 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலில் அலெண்டேவின் கூட்டணி 1970-ஐவிட அதிகமாக, 43 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. வாக்குச்சீட்டால் ஆகாது என்று எதிர்த்தரப்பு முடிவுகட்டியது அப்போதுதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

பெண் சக்தி என்ற பெயரில் எதிர்க்கட்சிப் பெண்கள் 1972-லேயே ஓர் அமைப்பாகத் திரண்டிருந்தார்கள். ராணுவ வீரர்கள் போகிற வழியில் மக்காச்சோள மணிகளை வீசினார்கள். நீங்கள் ஆண்பிள்ளையா, கோழியா என்று அர்த்தம். 1973 ஆகஸ்ட் 21 அன்று ராணுவ அதிகாரிகளின் மனைவிகள் தலைமைத் தளபதி கார்லோஸ் பிராட்ஸின் வீட்டு வாசலில் போய்க் கூடினார்கள். அவரும் ஷ்னைடரைப் போலச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர். தன் கீழிருக்கும் தளபதிகளின் மனைவிகளே வாசலில் நின்று தூற்றிய பிறகு அவரால் இருக்க முடியவில்லை. இரண்டு நாளில் பதவி விலகினார். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அகுஸ்தோ பினோச்சே. மறு வருடம் பிராட்ஸும் அவர் மனைவியும் பியூனஸ் அயர்ஸில் கார் குண்டில் கொல்லப்பட்டார்கள்.

1973 செப்டம்பர் 11 பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விமானப்படை அதிபரின் மொனேதா மாளிகை மேல் குண்டு போட்டது, அலெண்டே உள்ளேயே இறந்தார், உடலைத் தோண்டியெடுத்து 2011-ல் சோதித்ததில் தற்கொலை என்று உறுதியானது. என்னைப் பிடித்து நிறுத்துவது அன்று காலை மகயானெஸ் வானொலியில் அவர் பேசிய கடைசிப் பேச்சின் ஓர் இடம். குண்டு விழப் போகிறது என்று தெரிந்த மனிதர், நம் மண்ணின் எளிய பெண்களை அழைத்துப் பேசுகிறார்: எங்களை நம்பிய விவசாயப் பெண், கூடுதலாக உழைத்த தொழிலாளிப் பெண், குழந்தைகள் மேல் எங்களுக்கிருந்த அக்கறையை அறிந்த தாய். ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால் என்பது அவருடைய பெரிய வாக்குறுதிகளில் ஒன்று. முப்பது சதவீதம்தான் அவருக்குப் போட்டது என்று தெரிந்தும், கடைசி நிமிடத்தில் பெண்களிடம் பேசியிருக்கிறார்.

ஐந்து நாள் கழித்து நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிசிங்கரும் போனில் பேசிய உரையாடல் இப்போது எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. இதில் நம் கை தெரியவில்லையே என்கிறார் நிக்சன். நாங்கள் செய்யவில்லை, ஆனால் உதவினோம், முடிந்தவரை சூழலை உருவாக்கிக் கொடுத்தோம் என்கிற மாதிரி பதில் சொல்கிறார் கிசிங்கர். கவிழ்ப்பிலேயே அமெரிக்கா நேரடியாகப் பங்கெடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றுதான் செனட் குழுவும் எழுதியது. சரி, அப்படியே இருக்கட்டும். மூன்று வருடம் விறகு அடுக்கியவர், தீக்குச்சியை நான் கிழிக்கவில்லை என்கிறார்.

புது ஆட்சிக்கு நகைகளைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் உண்டு. அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. கடைகளில் பொருள் வந்தது, விலைதான் எட்டவில்லை. பாத்திரம் தட்டியவர்களின் அமைப்பு சீக்கிரமே கலைந்தது. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்பதுதான் ராணுவத்தின் பெண்கொள்கை. அன்னையர் மையங்கள் என்று நாடு முழுக்க இருந்தவை பினோச்சேயின் மனைவி லூசியா இரியார்த்தின் கைக்குள் போயின.

அதே வாரங்களில் வேறு பெண்கள் தெருவில் அலைந்துகொண்டிருந்தார்கள். தேசிய விளையாட்டரங்கம் சிறையாகியிருந்தது. கணவனைக் கொண்டுபோனார்கள், மகனைக் கொண்டுபோனார்கள். காவல் நிலையம், படைமுகாம், மருத்துவமனை, பிணவறை. அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்ற பதில். ஒரே வரிசையில் திரும்பத் திரும்பப் பார்த்த முகங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டன. ரொட்டிக்கு வரிசையில் நின்று பழகிய கால்கள், இப்போது பிணத்துக்கு வரிசையில் நின்றன.

தேவாலயங்கள் சேர்ந்து நடத்திய ஓர் உதவிக் குழுவும், அதைப் பினோச்சே மூடவைத்ததும் 1976 தொடக்கத்தில் கத்தோலிக்கக் கார்டினல் ரவுல் சில்வா என்ரிக்கெஸ் தொடங்கிய விகாரியா என்ற உதவி அமைப்பும்தான் இவர்களுக்கு ஒதுங்க இடம். 1974-லிருந்து ஆலயத்துப் பின்னறைகளில் தையல் கூடங்கள் நடந்தன. வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஊசி பிடிக்கக்கூட வராது என்று சொல்வார்கள். கோணித்துணியில் படம் தைப்பது அந்த நாட்டுக்குப் புதிதில்லை. பாடகி வியோலேட்டா பார்ரா 1964-லேயே தன் கோணித்துணிப் படங்களைப் பாரிஸின் லூவர் மாளிகையில் காட்சிக்கு வைத்தவர். இந்தப் பெண்களிடம் கலை நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மாவுச் சாக்கு மலிவு. கந்தல் துணி வீட்டில் இருந்தது. சிலர் காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தார்கள். இந்த வரியை எழுதிவிட்டு நானும் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன்.

என்னென்ன தைத்தார்கள்? மூடிக்கிடக்கும் தொழிற்சாலை. கம்பத்திலிருந்து திருட்டுத்தனமாக இழுத்த மின்கம்பி. வீட்டு வாசலில் நிற்கும் போலீஸ் வண்டி. மார்பில் புகைப்படம் குத்திய பெண்கள், மேலே ஒரு பதாகை: எங்கே இருக்கிறார்கள்? பின்னால் எப்போதும் அந்த மலைத்தொடர். விகாரியா அவற்றை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. நாடு விட்டு ஓடிய சிலி மக்களும் அவர்களுக்குத் துணைநின்ற குழுக்களும் விற்றுத் தந்தார்கள். படத்தில் பெயர் இருக்காது, கையெழுத்து இருக்காது. சிலவற்றின் பின்னால் ஒரு சின்னப் பை தைத்து, அதற்குள் படம் சொல்லும் கதையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து வைத்திருப்பார்கள். பொம்மைக்கூத்து மாதிரி கண்ணைப் பறிக்கும் நிறம். சுங்கத்தில் பார்க்கிறவனுக்கு முதலில் அது பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு. எதிர்த்து எழுதிய ஆண்களின் பத்திரிகைகளை மூட ஒரே நாள் போதுமாக இருந்தது. இதை என்ன சொல்லி மூடுவது?

வந்த காசு அந்த வார அடுப்புக்குப் போனது. இதை மறைத்து இவர்களை வீராங்கனைகள் ஆக்குவதில் எனக்கு விருப்பமில்லை. பலர் முதலில் காசுக்குத்தான் வந்தார்கள். தைக்க உட்கார்ந்தபோது பேச்சு வந்தது. பேசப் பேச, நம் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்தது தெரு முழுக்க நடந்திருப்பது தெரிந்தது.

அனா கொன்சாலெஸ் என்ற பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். 1976 ஏப்ரல் 29 அன்று அவருடைய இரண்டு மகன்களையும் கர்ப்பமாக இருந்த மருமகளையும் ரகசியப் போலீஸ் கொண்டுபோனது. மறுநாள் காலை தேடப் போன கணவரும் திரும்பவில்லை. ஒரே நாளுக்குள் நான்கு பேர், வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஐந்து. 1977 ஜூனில் சாண்டியாகோவில் இருந்த ஐ.நா. பொருளாதார ஆணையக் கட்டடத்துக்குள் புகுந்து உண்ணாவிரதம் இருந்த 26 பேரில் அவரும் ஒருவர். பெரும்பாலும் பெண்கள். அதன்பின் இவர்கள் தங்களைச் சங்கிலியால் நாடாளுமன்றக் கட்டட வேலியில் பிணைத்துக்கொண்டார்கள். படங்களில் பார்த்தால் அனாவிடம் அழுமூஞ்சித்தனம் துளியும் இல்லை. சிவப்பு நகச்சாயம், கையில் சிகரெட், கண்ணில் ஒரு குறும்பு. 2018-ல் 93 வயதில் இறந்தார். நான்கு பேரில் ஒருவருடைய எலும்புகூடக் கிடைக்கவில்லை.

1978 மார்ச் 8, பெண்கள் தினம், காப்போலிகான் அரங்கம். காணாமல் போனோர் குடும்பங்களின் பாட்டுக்குழு மேடை ஏறியது. குவேக்கா என்பது சிலியின் ஜோடி நடனம். கைக்குட்டையை வீசி ஆண் பெண்ணைச் சுற்றி வருவான், சேவல் கோழியைச் சுற்றுவதுபோல. அன்று ஒருத்தி தனியாக வந்து ஆடினாள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, மார்பில் ஒரு புகைப்படம். ஆள் இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, இருப்பதுபோலவே சுற்றி வந்தாள். அடுத்த வருடமே பினோச்சே அரசு குவேக்காவைத் தேசிய நடனம் என்று அறிவித்தது. அப்படிப்பட்ட அரசுகளுக்கு நகைச்சுவை உணர்வு இருக்காது என்பார்கள், தெரியாமலே சில சமயம் வந்துவிடும்.

அதே 1978 கடைசியில் சாண்டியாகோவை அடுத்த லோன்கேனில் கைவிடப்பட்ட சுண்ணாம்புச் சூளைகளில் 15 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஒரு தகப்பனும் நான்கு மகன்களும் அதில் அடக்கம். காணாமல் போனவர்கள் என்று யாரும் இல்லை, வெளிநாடு ஓடிப்போயிருப்பார்கள் என்று அரசு சொல்லிவந்த கதை அன்றோடு போயிற்று.

வடக்கே கலாமாவில், 1973 அக்டோபர் 19 அன்று 26 பேரைச் சுட்டுப் புதைத்தார்கள். அவர்களுடைய மனைவிகளும் தாய்களும் சகோதரிகளும் அடகாமா பாலைவனத்தில் மண்வெட்டியோடு 17 வருடம் தேடினார்கள். உலகிலேயே வறண்ட நிலங்களில் ஒன்று அது. 1990-ல் கிடைத்தது துண்டு எலும்புகள் மட்டும். உடல்களை ராணுவம் எப்போதோ எந்திரம் வைத்துத் தோண்டி எடுத்துப் போயிருந்தது. எந்திரத்தின் வாயில் சிந்தியவைதான் மிச்சம். அதற்குப் பிறகும் அவர்களில் சிலர் தேடப் போனார்கள்.

இப்போது பொதுப்பானைக்கு வருகிறேன். 1982-ல் சிலியின் பொருளாதாரம் விழுந்தது. சிகாகோவில் பொருளாதாரம் படித்து வந்தவர்கள் கட்டிய சந்தை அதிசயம் ஒரே வருடத்தில் 14 சதவீதம் வரை சுருங்கியது. வேலையில்லாதவர் ஐந்தில் ஒருவருக்கு மேல். இந்த முறை யாரும் வெளியிலிருந்து அலறவைக்கவில்லை, தானாக அலறியது. அப்போதுதான் பேட்டைகளில் பொதுப்பானைகள் பெருகின. ஒருத்தி உருளைக்கிழங்கு, ஒருத்தி விறகு, சந்தையில் கழித்துப்போட்ட கீரை, ஆலயத்திலிருந்து பருப்பு. பானையைத் தெருவில் வைத்து எரிப்பதே ஓர் அறிக்கை. உங்கள் ஆட்சியில் எங்களுக்குச் சோறில்லை என்று கத்த வேண்டியதில்லை, புகை சொல்லிவிடும். போலீஸ் வந்து பானையை உதைத்துக் கவிழ்த்த சம்பவங்களும் உண்டு.

1983 மே 11. செம்புத் தொழிலாளர் சங்கம் தேசிய எதிர்ப்பு நாள் அறிவித்தது. தெருவில் கூட முடியாது, சுடுவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், கடைக்குப் போகாதீர்கள், இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள்ளிருந்தே பாத்திரத்தைத் தட்டுங்கள் என்றார்கள். எட்டு மணிக்கு ஒரு ஜன்னல். அப்புறம் எதிர்வீடு. அப்புறம் ஊர் முழுக்க. பத்து வருடம் ஒவ்வொருவரும், எதிர்க்கிறது நான் மட்டும்தான் என்று வாயை மூடியிருந்த ஊர். சில வசதியான பேட்டைகளிலும் சத்தம் கேட்டது என்கிறார்கள். அவற்றில் 1971 டிசம்பரில் தட்டிய அதே பாத்திரம் ஏதாவது இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எவர்சில்வரும் அலுமினியமும் பன்னிரண்டு வருடத்தில் ஓட்டையாகிவிடாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய நூலகப் படிக்கட்டில் சில பெண்கள் பதாகை பிடித்து உட்கார்ந்தார்கள். நாட்டிலும் ஜனநாயகம், வீட்டிலும் ஜனநாயகம் என்ற முழக்கம் அந்தக் காலத்தில் வந்தது. சமூகவியலாளர் ஹூலியேட்டா கிர்க்வுட் போன்றவர்கள் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். டிசம்பரில் காப்போலிகான் அரங்கில் சுமார் பத்தாயிரம் பெண்கள் கூடினார்கள். தங்களுக்குள் பேசாமல் இருந்த எதிர்க்கட்சி ஆண்களை ஒரே மேசைக்குக் கூப்பிடுவதும் அந்தக் கூட்டத்தின் நோக்கம். ஆண்கள் உட்கார இன்னும் சில வருடம் ஆனது, அது வேறு கதை.

பினோச்சே ஆட்சியில் தொடரலாமா என்று கேட்ட 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் பினோச்சே வேண்டாம் என்று சுமார் 56 சதவீதம் பேர் சொன்னார்கள். பெண்களிலும் வேண்டாம் என்றவர்களே அதிகம். ஆனால் ஆண்களைவிடக் குறைந்த வித்தியாசத்தில். பொம்மை தைத்தவர்களும் பினோச்சேக்குப் போட்டவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள் என்பதை மறக்க விரும்பவில்லை. சிலிப் பெண்கள் என்று ஒரு ஆள் கிடையாது.

2019-ல் சாண்டியாகோ மெட்ரோ கட்டணத்தை 30 பெசோ கூட்டியபோது மறுபடி பாத்திரம் வெளியே வந்தது. இந்த முறை எதிரே இருந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான், வலதுசாரி அரசு. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

இதையெல்லாம் படித்த களைப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கதை எதுவும் சொல்லவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் இரண்டு முறை மூடிவிட்டு, மூன்றாம் முறை என்னையே பெரிதாக்கச் சொன்னார்.

"கோணியா இது?"

"ஆமாம்மா."

"கோணியில ஓரம் பிரியாம நிக்கிறது கஷ்டம். கம்பளி போட்டு இறுக்கியிருக்காளே." விரலால் பானையைச் சுற்றி இருந்த பொம்மைகளை எண்ணினார். ஒருத்தியின் பாவாடை மேல் நிறுத்தி, "இது ஆம்பளைச் சட்டைத் துணி" என்றார்.

அப்புறம் போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். யார் தைத்த எதைக் கொடுத்தாலும் அம்மா முதலில் உள்பக்கத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார், நாற்பது வருடப் பழக்கம். போன் என்று நினைவு வந்து சிரித்துக்கொண்டார்.

"பின்பக்கம் எடுத்த படம் இருக்கா?" என்று கேட்டார்.

தேடிப் பார்த்தேன். இல்லை.